பாமீர் நெடுஞ்சாலையில் சைக்கிளில் எல்லை கடப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிர்கிஸ்தானின் ஓஷ் நகரிலிருந்து தஜிகிஸ்தானின் கோரோக் நகருக்குச் செல்லும் எம்41 சாலையைப் பாமீர் நெடுஞ்சாலை என்கிறார்கள். சோவியத் ஆட்சி 1930-களில் அமைத்த இந்தச் சாலையின் நீளம் 700 கி.மீட்டருக்குச் சற்று அதிகம். மணாலி–லே பாதையை முடித்துவிட்டு அடுத்து எங்கே செல்லலாம் என்று யோசிக்கும் நம் சைக்கிள் பயணிகள் பலர் இந்தப் பாதையைப் பற்றிக் கேட்கிறார்கள். அவர்கள் வழக்கமாகக் கேட்பவற்றுக்கான விடைகள் கீழே உள்ளன.

லடாக்கில் இதைவிட உயரமான கணவாய்களை ஏறியிருக்கிறேன். பாமீர் எனக்குக் கடினமாக இருக்குமா?

உயரத்தை மட்டும் பார்த்தால் லடாக்கே மேல். மணாலி–லே சாலையின் தங்லங் லா 5,300 மீட்டரைத் தொடுகிறது. பாமீர் நெடுஞ்சாலையின் மிக உயர்ந்த இடமான அக்-பைதால் கணவாய் 4,655 மீட்டர்தான். ஆனாலும் பாமீரைக் கடினமானது என்றே சொல்வேன். லடாக்கில் தலைவலி முற்றினால் வழியில் வரும் லாரியை நிறுத்தி, சைக்கிளை மேலே ஏற்றிக்கொண்டு, கீழே இறங்கிவிடலாம். வழியில் ராணுவ முகாம் இருக்கும், தாபா இருக்கும்; கடவுச்சீட்டை யாரும் கேட்கப் போவதில்லை. பாமீரில் கிர்கிஸ்தானுக்கும் தஜிகிஸ்தானுக்கும் இடையிலான எல்லையே 4,280 மீட்டர் உயரத்தில், கிசில்-ஆர்ட் கணவாயில் இருக்கிறது. உடல் மிக அதிகமாகத் தவிக்கும் அதே இடத்தில் சட்டமும் உங்கள் கையைக் கட்டிவிடுகிறது.

புரியவில்லை. எல்லை எப்படிக் கையைக் கட்டும்?

கிர்கிஸ்தானின் வெளியேறும் சாவடி போர்-தோபோவில், கணவாய்க்கு வடக்கே அடிவாரத்தில் இருக்கிறது. தஜிகிஸ்தானின் சாவடி கணவாயைத் தாண்டிய பிறகு, உச்சிக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே சுமார் 20 கி.மீ. தொலைவுக்கு எந்த நாட்டின் குடியேற்ற அதிகாரியும் இல்லாத ஏற்றச் சாலை. போர்-தோபோவில் வெளியேறும் முத்திரை விழுந்த கணமே, ஒருமுறை மட்டும் நுழைய அனுமதிக்கும் கிர்கிஸ் விசா முடிந்துவிடும். அதன் பிறகு ஏற்றத்தில் மூச்சுத்திணறலோ வாந்தியோ வந்தால், மருத்துவத்தின் முதல் விதி உடனே கீழே இறங்கச் சொல்லும். கீழே இருப்பதோ நீங்கள் சட்டப்படி விட்டு வெளியேறிய நாடு. முன்னே சென்றால் தஜிகிஸ்தான் உங்களை ஏற்கும். ஆனால் அந்தப் பக்கத்தில் இரவு தங்குவதற்கான முதல் ஊரான கராகுலே ஏறத்தாழ 3,900 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. நோயாளிக்கு அது இறக்கமே ஆகாது.

உயிருக்கு ஆபத்து என்றால் கிர்கிஸ் காவலர்களிடமே திரும்பிச் செல்லுங்கள். முத்திரையைப் பற்றிய பேச்சைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த நிலைக்கே போகாமல் இருப்பதற்கு வழி இருக்கிறது: முடிந்தால் இருமுறை நுழைய அனுமதிக்கும் விசாவை எடுங்கள், முத்திரை வாங்குவதற்கு முந்தைய இரவு உடல் முழுமையாகத் தேறியிருந்தால் மட்டுமே சாவடியை நோக்கிப் புறப்படுங்கள். லேசான தலைவலி என்று நினைத்துக் கிளம்பியவர்கள் பட்ட பாட்டைக் கேட்டவன் என்ற முறையில் இதை அழுத்திச் சொல்கிறேன்.

ஓஷிலிருந்து ஏறும்போது உடலை உயரத்துக்கு எப்படிப் பழக்குவது?

ஓஷ் சுமார் 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து குல்ச்சா வழியாக ஏறி, 3,615 மீட்டர் உயரமுள்ள தால்திக் கணவாயைக் கடந்து, 3,170 மீட்டர் உயரத்தில் இருக்கும் சாரி-தாஷ் கிராமத்தில் இறங்க வேண்டும். இந்த 185 கி.மீ. தொலைவும் நல்ல தார்ச் சாலை என்பதே ஒரு சிக்கல். கால் வலுவுள்ள ஒருவர் இதை இரண்டே நாளில் முடித்துவிட முடியும். நுரையீரலும் மூளையும் அந்த வேகத்தில் பழகாது.

மலை மருத்துவர்கள் பரிந்துரைக்கும் பொதுவான அளவு இது: 3,000 மீட்டருக்கு மேல் சென்ற பிறகு, ஒவ்வோர் இரவும் படுக்கும் இடம் முந்தைய இரவைவிட 500 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் ஓய்வெடுக்க வேண்டும். பகலில் எவ்வளவு உயரம் தொட்டீர்கள் என்பதைவிட இரவில் எங்கே உறங்குகிறீர்கள் என்பதையே கணக்கில் கொள்ள வேண்டும். சாரி-தாஷிலிருந்து கராகுலுக்கு ஒரே மூச்சில் போனால், படுக்கை உயரம் 700 மீட்டருக்கும் மேல் தாவிவிடுகிறது. அந்தத் தாவலுக்கு நடுவே 4,280 மீட்டர் கணவாயும், அதற்குத் தெற்கே 4,200 மீட்டரைத் தாண்டும் ஊய்-புலாக் கணவாயும் வருகின்றன. ஆகவே சாரி-தாஷில் குறைந்தது இரண்டு இரவு கூடுதலாகத் தங்குவதே அறிவுடைமை. இடைப்பட்ட பகலில் மூட்டை முடிச்சுகளை விடுதியிலேயே வைத்துவிட்டு, வெறும் சைக்கிளில் எல்லைச் சாவடி இருக்கும் திசையில் ஏறிச் சென்று, மாலைக்குள் திரும்பி வாருங்கள். தெற்கே டிரான்ஸ்-அலாய் மலைத்தொடரும் அதில் 7,134 மீட்டர் உயர லெனின் சிகரமும் தெரியும் அந்தச் சமவெளியில் ஒரு நாள் கூடுதலாக இருப்பதை யாரும் இழப்பாகக் கருத மாட்டார்கள்.

கிசில்-ஆர்ட்டில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ 60 சதவீதம்தான். தலைவலி, பசியின்மை, உறக்கமின்மை ஆகியவை தொடக்க அறிகுறிகள். அவற்றோடு மேலே ஏறக் கூடாது. குதிகாலை மறுகாலின் விரல் நுனியோடு ஒட்டி வைத்து நேர்க்கோட்டில் நடந்து பார்க்கச் சொல்லும்போது ஒருவர் தள்ளாடினால், மூளை வீங்குகிறது என்று கொள்ள வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கி இருமல் வந்தால் நுரையீரலில் நீர் கோர்க்கிறது. இவை இரண்டுக்கும் இறங்குவதுதான் மருந்து. கராகுல் பகுதியில் இருந்தால் ஜீப் பிடித்துக்கொண்டுதான் இறங்க வேண்டும்.

உயர நோயைத் தடுக்கக் கொடுக்கும் அசெட்டசோலமைடு மாத்திரை போட்டுக்கொண்டால் போதாதா?

உடல் பழகுவதை அது விரைவுபடுத்தும். பழகவே தேவையில்லாமல் செய்துவிடாது. பெரியவர்களுக்கு முன்காப்பாக 125 மில்லிகிராம் அளவில் நாளுக்கு இருமுறை கொடுப்பது வழக்கம். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. சிறுநீர் அதிகமாகப் போகும், விரல் நுனிகள் மதமதவென்று இருக்கும். பனியில் விரல் மரத்துப்போவதையும் இதையும் குழப்பிக்கொள்ளாமல் இருக்க, ஊரிலேயே மருத்துவர் சொற்படி ஒரு நாள் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

என்னென்ன ஆவணங்கள் வேண்டும்?

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு இரண்டு நாட்டு விசாவும் வேண்டும். இரண்டையும் இணையவழியில் பெறலாம். நீங்கள் கடக்கவிருக்கும் சாவடி இணையவழி விசாவை ஏற்கிறதா என்பதை விண்ணப்பிக்கும் முன்பே பார்த்துவிடுங்கள். விமான நிலையத்தில் செல்லும் விசா மலைச் சாவடியில் செல்லாமல் போகலாம்.

தஜிகிஸ்தானின் கிழக்குப் பாதி கோர்னோ-பதக்‌ஷான் தன்னாட்சி மாகாணம். அதற்குள் செல்ல விசாவுக்கு மேல் தனி அனுமதிச் சீட்டு தேவை. அது இல்லாமல் கிசில்-ஆர்ட் வழியே நுழையவே முடியாது, ஏனென்றால் எல்லையைத் தாண்டி நீங்கள் வைக்கும் முதல் அடியே அந்த மாகாணத்தில்தான் விழுகிறது. வழிநெடுகச் சாவடிகளில் இந்தச் சீட்டையும் கடவுச்சீட்டையும் வாங்கிப் பார்த்து, பெயரைப் பேரேட்டில் கையால் எழுதிக்கொள்வார்கள். எல்லாவற்றிலும் நாலைந்து படிகள் எடுத்து, மழையும் வியர்வையும் படாத உறையில் வைத்துக்கொள்ளுங்கள். அலைபேசித் திரையில் காட்டுவதை மட்டும் நம்ப வேண்டாம். குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கி, கருவி அணைந்துவிடும்.

இந்த எல்லை எப்போதும் திறந்திருக்குமா?

இல்லை. 2021-இல் இரு நாடுகளுக்கும் இடையே நடந்த எல்லை மோதலைத் தொடர்ந்து சாவடிகள் மூடப்பட்டன. 2022 செப்டம்பரில் மோதல் மீண்டும் வெடித்தது. ஆண்டுக்கணக்கில் சைக்கிள் பயணிகள் இரண்டு நாடுகளையும் தனித்தனியாகப் பார்த்துத் திரும்ப வேண்டியிருந்தது. 2025 மார்ச் 13 அன்று இரு நாட்டு அதிபர்களும் பிஷ்கேக்கில் எல்லை உடன்படிக்கையில் கையெழுத்திட்ட பிறகே நிலைமை மாறத் தொடங்கியது. இதுவும் 2022-இல் கோர்னோ-பதக்‌ஷான் மாகாணத்துக்குள்ளேயே நடந்த கலவரமும் காட்டுவது ஒன்றுதான்: புறப்படும் வாரத்தில் மீண்டும் விசாரித்தாக வேண்டும். சாவடி மூடியிருந்தால் உஸ்பெகிஸ்தான் வழியாகச் சுற்றிச் செல்ல வேண்டி வரலாம் என்பதால், அந்நாட்டு விசாவுக்கான காலத்தையும் பணத்தையும் திட்டத்தில் ஒதுக்கி வையுங்கள்.

எல்லைச் சாவடியில் என்ன நடக்கும்?

கடவுச்சீட்டுச் சோதனை, சுங்கம், போதைப்பொருள் தடுப்புச் சோதனை என்று தனித்தனி அறைகளுக்கு அனுப்புவார்கள். ஆப்கானிஸ்தானிலிருந்து வடக்கே போதைப்பொருள் கடத்தும் தடங்களில் இந்தச் சாலையும் ஒன்று என்பதால், பைகளைத் திறந்து காட்டச் சொல்வது இயல்பு. முகம் சுளிக்காதீர்கள். மாத்திரைகளை அட்டையோடும் மருத்துவர் சீட்டோடும் வைத்திருங்கள். வலிக்கான மாத்திரைகளில் கோடீன் கலந்தவற்றை ஊரிலேயே விட்டுவிடுங்கள். படை முகாமையும் காவலர்களையும் படம் எடுக்காதீர்கள்.

நேர வேறுபாடு ஒன்றும் உண்டு. கிர்கிஸ்தான் நேரம் தஜிகிஸ்தான் நேரத்தைவிட ஒரு மணி முன்னே செல்கிறது. கராகுலுக்குத் தெற்கே இதே சாலையில் வரும் முர்காப் ஊர்ப் பகுதியில் கிர்கிஸ் மொழி பேசுபவர்கள் அதிகம்; அங்கே பலரும் கிர்கிஸ் நேரத்தையே வைத்துக்கொள்கிறார்கள். வாகனக்காரர் காலை ஏழு மணிக்கு வருகிறேன் என்றால் எந்த ஏழு மணி என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சாலை எப்படி இருக்கும்? என் சைக்கிள் தாங்குமா?

எல்லையைத் தாண்டியதும் தார் போய்விடும், அல்லது துண்டு துண்டாக மிஞ்சியிருக்கும். கணவாயின் இறக்கத்தில் செம்மண்ணும் கல்லும். மழையோ பனியோ பெய்தால் அந்த மண் மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே அப்பிக்கொண்டு சக்கரத்தைச் சுற்றவிடாது. அதற்குப் பிறகு வருவது, வண்டிகளின் ஓட்டத்தால் சாலையின் குறுக்கே வரிவரியாக எழும்பிய சிறு மேடுகள். கிலோமீட்டர் கணக்கில் நீளும் இந்த வரிகள் சைக்கிளையும் ஆளையும் உலுக்கி எடுக்கும்.

இந்த உலுக்கல் முதலில் பதம் பார்ப்பது கேரியர் போல்ட்டை. பின் சக்கர அச்சுக்கு அருகே கேரியரைத் தாங்கும் அந்தச் சிறு போல்ட் ஒவ்வொரு மேட்டிலும் மயிரிழை அளவு தளர்கிறது. தளர்ந்தபின் முழு எடையும் அதன் கழுத்தில் அறைகிறது. மாலையில் பார்த்தால் தலை மட்டும் கீழே விழுந்திருக்கும், திருகுப் பகுதி சட்டத்துக்குள்ளேயே சிக்கியிருக்கும். ஊரில் திருகைப் பிடிக்கவைக்கும் பசை தடவிப் பூட்டுங்கள், ஒவ்வொரு காலையும் ஆலன் சாவியால் எல்லா போல்ட்டையும் தொட்டுப் பாருங்கள், நான்கைந்து உதிரி போல்ட்டுகளும் கட்டுக்கம்பியும் வைத்திருங்கள். இந்த ஐந்து நிமிட வேலையைத் தவிர்த்தவர்கள்தான் முர்காபுக்கு லாரியில் வந்து சேர்கிறார்கள்.

டயர் இரண்டு அங்குல அகலமாவது இருக்கட்டும். ஸ்போக்கு ஒடிவது அடுத்த தொல்லை. உங்கள் ரிம்முக்கு ஏற்ற நீளத்தில் உதிரி ஸ்போக்குகளை எடுத்துச் செல்வதோடு, புறப்படும் முன் உள்ளூர்க் கடையில் உட்கார்ந்து கோட்டம் எடுக்கக் கற்றுக்கொள்ளுங்கள். கியர் மாற்றும் கருவியைச் சட்டத்தோடு பிணைக்கும் அலுமினிய ஹேங்கர் ஒவ்வொரு மாடலுக்கும் வேறு வடிவத்தில் இருக்கும். அது வளைந்தால் ஓஷ் முதல் தஜிக் தலைநகர் துஷான்பே வரை எங்கும் கிடைக்காது. விலை உயர்ந்த கார்பன் சட்டத்தைவிட, கிராமத்துப் பட்டறையில் வெல்டிங் வைக்கக்கூடிய இரும்புச் சட்டமே இந்தப் பாதைக்கு ஏற்றது என்பது என் துணிபு.

காற்றும் குளிரும் எவ்வளவு கடுமை?

ஜூன் கடைசி முதல் செப்டம்பர் வரை செல்லலாம். ஜூலையிலும் கணவாய்களில் பனி பெய்யக்கூடும். இரவில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே போகும். பகலில் மெல்லிய காற்றின் ஊடாக வரும் வெயில் மூக்கையும் உதட்டையும் வெடிக்கச் செய்யும்.

காற்றைப் பற்றித்தான் பலரும் குறைவாக மதிப்பிடுகிறார்கள். காலையில் அடங்கியிருக்கும் காற்று நண்பகலுக்குப் பிறகு பெருகி, எல்லைக்குத் தெற்கே இருக்கும் மார்கன்சு பள்ளத்தாக்கில் புழுதிப்புயலாகவே எழும். மரம் கிடையாது, சுவர் கிடையாது. இறக்கத்திலும் மிதித்தால்தான் வண்டி நகரும். விடியலில் கிளம்பி, பிற்பகலுக்குள் அன்றைய தொலைவை முடித்துக் கூடாரத்தைப் பாறை மறைவில் அடித்துவிட வேண்டும்.

குடிநீர் கிடைக்குமா?

ஓடைகள் உண்டு, ஆனால் இடைவெளி பெரிது. கராகுல் ஏரி கண்ணுக்கெட்டும் தொலைவு வரை நீலமாகக் கிடக்கும், அதன் நீரோ உப்புக் கரிக்கும். விண்கல் விழுந்து உண்டான பள்ளத்தில் தேங்கிய, வெளியே ஓடும் வழியற்ற ஏரி அது. கிராமத்துக் கிணற்றில் நிரப்பிக்கொள்ளுங்கள். எல்லைப் பகுதியைக் கடக்க ஆளுக்கு ஆறு லிட்டராவது வேண்டும்.

பனிப்பாறை ஓடைகளின் நீர் வண்டலால் கலங்கியிருக்கும். அதை நேராக வடிகட்டியில் ஊற்றினால் அடைத்துக்கொள்ளும். இரவு முழுதும் பாத்திரத்தில் தெளியவிட்டு, மேல்நீரை மட்டும் வடிகட்டுங்கள். நுண்குழாய் வடிகட்டி ஈரத்தோடு உறைந்தால் உள்ளே குழாய்கள் வெடித்து, கண்ணுக்குத் தெரியாமல் பயனற்றுப்போகும். எனவே அதை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, ஸ்லீப்பிங் பேக்குக்குள் உங்களோடு வைத்தே உறங்க வேண்டும்.

சைவ உணவு கிடைக்குமா? சோறு பொங்கிக்கொள்ளலாமா?

வீட்டு விடுதிகளில் ரொட்டி, வெண்ணெய், தயிர், முட்டை, உருளைக்கிழங்கு கிடைக்கும். உப்பும் பாலும் கலந்த தேநீர் எப்போதும் உண்டு. இறைச்சி வேண்டாம் என்றால் இறைச்சித் துண்டை எடுத்துவிட்டுச் சாற்றைக் கொடுப்பார்கள். பரிவோடு செய்வது அது. முன்னதாகவே சொல்லி, கையில் பருப்புப் பொடியோ வேர்க்கடலையோ வைத்திருந்தால் சமாளிக்கலாம்.

எல்லைக் கணவாயின் உயரத்தில் தண்ணீர் சுமார் 86 டிகிரியிலேயே கொதித்துவிடும். அரிசி எவ்வளவு நேரம் கொதித்தாலும் நடுவில் நறநறவென்று நிற்கும். துவரம்பருப்பை நினைக்கவே வேண்டாம். அவல், ரவை, நூடுல்ஸ், ஊறவைத்தாலே பதமாகும் ஓட்ஸ் ஆகியவையே உதவும். கேஸ் சிலிண்டரை விமானத்தில் எடுத்துச் செல்ல முடியாது, முர்காப் கடைத்தெருவில் அதை நம்பியும் போக முடியாது; பெட்ரோலில் எரியும் அடுப்பே கைகொடுக்கும். அங்கே கிடைக்கும் பெட்ரோல் கசண்டு மிக்கது என்பதால் துளை சுத்தம் செய்யும் ஊசியை மறக்காதீர்கள்.

அலைபேசிச் சமிக்ஞை இல்லாத இடத்தில் உதவி கேட்பது எப்படி?

வெளிநாட்டுப் பயணிகள் செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் சிறு கருவியை வைத்திருப்பார்கள். நாம் அதை ஊரிலிருந்து எடுத்துச் செல்ல முடியாது: தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் இத்தகைய கருவியை இந்தியாவில் வைத்திருப்பதே குற்றம், விமான நிலையங்களில் பிடிபட்டவர்கள் உண்டு. அங்கே சென்று வாடகைக்கு எடுக்க முடிந்தால் எடுத்து, அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இல்லையெனில் ஒவ்வொரு விடுதியிலும் அடுத்து எங்கே, எப்போது சேர்வீர்கள் என்று எழுதிக் கொடுங்கள். முர்காபுக்குத் தெற்கே சீனாவிலிருந்து குல்மா கணவாய் வழியே வரும் லாரிகள் ஓடுகின்றன. வடக்கே எல்லைவரை வண்டிகள் மிகக் குறைவு.

பாதுகாப்பு எப்படி?

பாமீர் மக்களின் விருந்தோம்பலைப் பற்றி எல்லாரும் சொல்வது உண்மை. அதே நேரம், 2018 ஜூலை 29 அன்று துஷான்பேக்குத் தென்கிழக்கே தங்கரா பகுதியில் சைக்கிள் பயணிகள்மீது காரை மோதி, கத்தியால் குத்தி, நால்வரைக் கொன்றார்கள், ஐ.எஸ். அமைப்பு அதற்குப் பொறுப்பேற்றது. பாமீரை முடித்துக்கொண்டு தலைநகரை நோக்கி வந்துகொண்டிருந்தவர்கள் அவர்கள். அந்தத் துயரத்தை மறைத்துவிட்டு யாரையும் இந்தப் பாதைக்கு அழைக்க எனக்கு மனம் வராது. மாற்றுவழியாகச் சிலர் செல்லும் வாக்கான் பள்ளத்தாக்கில் பஞ்ச் ஆற்றின் மறுகரை ஆப்கானிஸ்தான்; ஆற்றங்கரையில் இரவு தங்கக் கூடாது என்று காவலர்கள் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

பணம்?

கசங்காத டாலர் நோட்டுகள். ஓஷிலும் கோரோகிலும் மாற்றலாம், இடையே ஏ.டி.எம்.மை நம்ப வேண்டாம்.

முதன்முறை செல்பவர் எந்தத் திசையில் செல்வது நல்லது?

பெரும்பாலோர் ஓஷிலிருந்து தொடங்குகிறார்கள். நான் கோரோகிலிருந்து ஓஷை நோக்கிச் செல்லவே சொல்வேன். கோரோக் சுமார் 2,100 மீட்டரில் இருக்கிறது. அங்கே மருத்துவமனையும் கடைகளும் உண்டு. அங்கிருந்து கிழக்கே பள்ளத்தாக்கு வழியே ஏறி, 4,272 மீட்டர் உயரமுள்ள கோய்-தேசெக் கணவாயைக் கடக்கும்போது உடல் ஒத்துழைக்காவிட்டால், வந்த வழியே இறங்கிவிடலாம். அதே நாடு, அதே விசா. மேற்கிலிருந்து வீசும் காற்றும் அலிச்சூர் சமவெளியில் பெரும்பாலும் முதுகைத் தள்ளும். முர்காப், அக்-பைதால், கராகுல் எல்லாம் கடந்து எல்லைக்கு வரும்போது உடல் பல இரவுகள் உயரத்தில் உறங்கிப் பழகியிருக்கும். தஜிக் சாவடியில் முத்திரை வாங்கியபின் மீதமிருப்பது கணவாய்க்கான சிறு ஏற்றமும், அதைத் தொடர்ந்து சாரி-தாஷ் வரை நீளும் இறக்கமும்தான். கிர்கிஸ் விசா தொடங்கும் நாளை மட்டும் சில நாள் தாராளமாகப் போட்டுக்கொள்ளுங்கள். காற்றோ காய்ச்சலோ பிடித்து முர்காபில் தங்க நேர்ந்தால், தேதியை எண்ணிக்கொண்டு கணவாய் ஏறும் நிலை வராது.